பேசின் பாலம்: பெயரில் எஞ்சிய படகுத்துறை

சென்னை சென்ட்ரலை நெருங்கும் இரயில் பேசின் பாலத்தைக் கடந்தே செல்கிறது. அப்பெயரிலுள்ள ‘பேசின்’ எதைக் குறிக்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. பக்கிங்காம் கால்வாயில் படகுகள் தங்கிய தடாகத்தின் நினைவு அது.

நீண்ட சரக்குப் படகு குறுகிய கால்வாயில் திரும்ப இயலாது. கரையை அகல வெட்டிய தடாகத்தில்தான் அது நின்று, சுமையிறக்கி, முகம் திருப்பி, வந்த வழியே மீள முடியும்.

1806இல் பேசில் காக்ரேனின் முயற்சியால் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே இக்கால்வாய் உருவானது. பின்னர் வடக்கே ஆந்திரக் கரையோரமாகவும் தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. உப்பும் விறகும் அவ்வழியே நகரை அடைந்தன. 1877-78இல், தாது வருடப் பஞ்சம் வாட்டியபோது, கூலிக்கு மண் சுமந்த ஏழைகளே கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினர். கால்வாய் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. வெட்டியவர்களின் பெயரை அது சுமக்கவில்லை.

1960களின் புயல்களால் கால்வாய் சிதைந்தது. 1990களில் பறக்கும் இரயிலின் தூண்கள் அதன் படுகையிலேயே எழுந்தன. 2008இல் அது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

மீட்பு என்பது நீளத்தைத் தூர்வாருவது மட்டுமன்று. படகு நிற்கவும் திரும்பவும் இடமில்லையேல் அது வடிகாலே, நீர்வழியாகாது. பசித்த வயிற்றோடு வெட்டியவர்கள் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம் இது. அதில் குப்பை கொட்டாதிருப்பதே அதைப் பேணுவதன் முதற்படி.