தேர்தலும் பணமும்: தஞ்சாவூர் சொன்ன பாடம்

2016 மே 16-ம் தேதி தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 234 தொகுதிகள். ஆனால் அன்று ஓட்டுப்பதிவு நடந்தது 232 தொகுதிகளில்தான். விடுபட்ட இரண்டில் ஒன்று கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி. மற்றொன்று கும்பகோணத்திலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் தஞ்சாவூர்!

வாக்காளர்களுக்குப் பணமும் பரிசுப் பொருட்களும் பரவலாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன என்று சொல்லி தேர்தல் ஆணையம் முதலில் மே 23-க்கும், பிறகு ஜூன் 13-க்கும் தேதியைத் தள்ளி வைத்தது. கடைசியில் மே 28 அன்று தேர்தல் அறிவிக்கையையே ரத்து செய்துவிட்டது. ஓட்டுக்குப் பணம் என்ற காரணத்துக்காக இந்தியாவில் ஒரு சட்டமன்றத் தேர்தல் ரத்தானது அதுவே முதல் முறை. ராஜராஜன் கோயிலுக்குப் பெயர் போன ஊருக்கு இப்படியும் ஒரு பெயர்.

இத்தனைக்கும் அப்போது ஒரு சட்டமன்ற வேட்பாளர் செலவு செய்ய அனுமதிக்கப்பட்ட தொகை 28 லட்சம் ரூபாய். கணக்குப் புத்தகம் உண்டு, பார்வையாளர்கள் உண்டு, பறக்கும் படை உண்டு. இவ்வளவு இருந்தும் ஏன் இப்படி? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சட்டம் வந்த கதை

தேர்தல் செலவுக்கு வரம்பு கட்டும் யோசனை நம்முடையதல்ல. 1883-லேயே பிரிட்டன் வேட்பாளர் செலவுக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் போட்டது. சுதந்திர இந்தியா 1951-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் அதே வழியில் போனது. அந்தச் சட்டத்தின் 77-வது பிரிவுதான் வேட்பாளரைக் கணக்கு எழுதச் சொல்கிறது.

கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பி.காம் படிப்பவர்களுக்கு கம்பெனிச் சட்டப் பாடத்தில் மெமோரண்டம் என்ற பத்திரம் நினைவிருக்கும். ஒரு கம்பெனி என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று சொல்லும் பத்திரம். 1957-ல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம் என்று தன் மெமோரண்டத்தில் சேர்க்க விரும்பியது. வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டப்படி தடுக்க வழியில்லை என்று அனுமதித்தார். ஆனால் இது ஜனநாயகத்தையே நெரித்துவிடக்கூடிய ஆபத்து என்று எச்சரித்தார். நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

1960-ல் கம்பெனி நன்கொடைக்கு வரம்பு வந்தது. 1964-ல் அறிக்கை தந்த சந்தானம் குழு (தலைவர் கே. சந்தானம், நம் டெல்டாக்காரர்தான், மன்னார்குடி) கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் தருவதையே அடியோடு நிறுத்தச் சொன்னது. 1969-ல் இந்திரா காந்தி அரசு அப்படியே தடை போட்டது. ராஜாஜியின் சுதந்திராக் கட்சிக்குப் போய்க்கொண்டிருந்த பணத்தை அடைக்கத்தான் இந்தத் தடை என்று பல ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும், விளைவு என்ன? கம்பெனிகளின் பணம் நிற்கவில்லை. செக்காக வந்தது பெட்டியில் ரொக்கமாக வர ஆரம்பித்தது. வாய்க்காலில் ஒரு மடையை அடைத்தால் தண்ணீர் நின்றா போகும்? கரையை உடைத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடும். இது நம்மூர் விவசாயிக்குத் தெரிந்த விஷயம். 1985-ல் தடையை எடுத்தார்கள். ஆனால் கறுப்புப் பணப் பழக்கம் போகவில்லை.

1974: ஓட்டை விழுந்த வருடம்

என்னைக் கேட்டால் இந்த வரலாற்றிலேயே முக்கியமான வருடம் 1974. டில்லி சதர் தொகுதித் தேர்தல் வழக்கில் (கன்வர்லால் குப்தா எதிர் அமர்நாத் சாவ்லா) உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான தீர்ப்பைச் சொன்னது. வேட்பாளருக்காக அவருடைய கட்சி செய்யும் செலவையும், வேட்பாளர் அறிந்து ஏற்றுக்கொண்டால், அவர் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பணக்காரக் கட்சியும் ஏழைக் கட்சியும் எப்படிச் சமமாகப் போட்டியிட முடியும்?

தீர்ப்பு வந்தது அக்டோபர் 3. அதே மாதம் 19-ம் தேதி அவசரச் சட்டம் வந்துவிட்டது! கட்சியும் நண்பர்களும் செய்யும் செலவு வேட்பாளர் செலவு ஆகாது என்று 77-வது பிரிவில் ஒரு விளக்கத்தைச் சேர்த்தார்கள். பானை அப்படியே இருந்தது, அடியில் மட்டும் ஓட்டை.

2003-ல் அந்த ஓட்டையைப் பெருமளவு சிறிதாக்கினார்கள். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தருபவர் பெயரைக் கட்சிகள் தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் அப்போதுதான் வந்தது. ஆனால் கட்சி செய்யும் பொதுப் பிரசாரச் செலவுக்கு இன்று வரை உச்சவரம்பே கிடையாது. வேட்பாளர் டீச் செலவுக்குக் கணக்கு எழுதுகிறார். கட்சி ஹெலிகாப்டரில் பறக்கிறது.

பத்திரம் வந்தது, போனது

2013 கம்பெனிச் சட்டப்படி மூன்று வருட சராசரி லாபத்தில் 7.5 சதவிகிதம் வரை நன்கொடை தரலாம். லாப நட்டக் கணக்கில் கட்சியின் பெயரையும் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் எடுத்துவிட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேண்டுமானாலும் தரலாம் என்று ஆனது. பங்குதாரர் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பங்குதாரருக்கே தெரியாது! 2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டமும் வந்தது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதையெல்லாம் செல்லாது என்றது. வாக்காளருக்குத் தகவல் அறியும் உரிமை உண்டு என்பது முக்கியக் காரணம். மார்ச்சில் விவரங்கள் வெளியானபோது, பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் கோவையைச் சேர்ந்த லாட்டரி நிறுவனம் ஃப்யூச்சர் கேமிங்குக்கு, 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்ததை அக்கட்சியே ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. 2019 ஏப்ரல் முதல் பா.ஜ.க. பெற்றது சுமார் 6,060 கோடி. ஆக, ஆளும் கட்சி எதுவானாலும் பணம் அங்கே வழி கண்டுபிடித்துப் போகிறது.

மறுபடி தஞ்சாவூர்

தஞ்சாவூரில் 2016 நவம்பர் 19-ல் மறுபடி தேர்தல் நடந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. இரு பெரிய கட்சிகளும் பழைய வேட்பாளர்களையே மறுபடி நிறுத்தின. சட்டம் தடுக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தண்டனையே கிடையாதே!

பிறகு 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்து. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்து. வேலூரைப் பற்றி ஒரு செய்தி. 1922-ல் வேலூர் சிறையில் இருந்த ராஜாஜி, சுதந்திரம் வந்தால் தேர்தல் ஊழலும் பணத்தின் அதிகாரமும் மக்களை வாட்டும் என்ற கருத்தைத் தன் நாட்குறிப்பில் எழுதினார். 97 வருடம் கழித்து அந்த ஊரிலேயே அது நடந்தது.

வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டால் தேர்தலை ரத்து செய்ய 58ஏ என்ற பிரிவு இருக்கிறது. பணம் விளையாடினாலும் ரத்து செய்ய அதேபோல் ஒரு பிரிவு வேண்டும் என்று 2016-லேயே ஆணையம் மத்திய அரசைக் கேட்டது. அது சட்டமாகவில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் அரசியல் சாசனத்தின் 324-வது பிரிவில் உள்ள பொது அதிகாரத்தைத்தான் ஆணையம் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஓட்டுக்கு ஐநூறு ரூபாய் வாங்கும் கூலிக்காரப் பெண்ணை எல்லோரும் திட்டுகிறோம். வாங்குவது தவறுதான், கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். ஆனால் கோடிக்கணக்கில் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை ஆறு வருடம் சட்டமே மூடி வைத்திருந்ததே, அதை யார் திட்டுவது?

இந்தச் சட்டங்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. பெயரை வெளியிட வைத்த விதிகள்தான் நமக்கு ஏதாவது தெரிய உதவியிருக்கின்றன. வேட்பாளரின் செலவுக்கு மட்டும் வைத்த வரம்போ பணத்தைக் கட்சியின் பக்கம் தள்ளிவிட்டது. ஆகவே கட்சிச் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும், ஒவ்வொரு நன்கொடைக்கும் பெயர் வேண்டும், பணம் கொடுத்தது நிரூபணமானால் அந்த வேட்பாளர் மறுபடி நிற்கக் கூடாது. மூன்றும் சேர்ந்து வந்தால்தான் காசில்லாத ஒரு நல்ல மனிதர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ தைரியமாக மனுத் தாக்கல் செய்ய முடியும். ஒன்றை மட்டும் கொண்டுவந்தால் பணம் மற்ற இரண்டு வழியிலும் பாயும். பணம் பாதாளம் வரை பாயும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?