சென்னைக் கல்விச் சங்க நூலகமும் முத்துசாமிப் பிள்ளையின் வீரமாமுனிவர் சரித்திரமும்

முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதிய வீரமாமுனிவர் சரித்திரத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்டால், வீரமாமுனிவர் என்ற சேசு சபைத் துறவி பெஸ்கி பற்றிய ஆய்வில் நெடுங்காலமாக ஒரே பதில்தான் கிடைத்துவருகிறது. செவிவழிக் கதைகளின் திரட்டு, பக்திப் பெருக்கில் எழுந்தது, சேசு சபை ஆவணங்களோடு ஒத்துப்போகாதது, ஆகவே தள்ளத்தக்கது. இந்தத் தீர்ப்பில் பாதி சரி. மறுபாதி, நூல் எந்த வேலையின் விளைவாகப் பிறந்தது என்று கேளாமலே வழங்கப்பட்டது. முத்துசாமிப் பிள்ளை சென்னைக் கல்விச் சங்கம் என்று தமிழில் வழங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியைச் சேர்ந்தவர். பின்னாளில் அதன் மேலாளர். 1816இல் கல்லூரியை மேற்பார்த்த எல்லிஸ் அவரைத் தென்மாவட்டங்களுக்கு அனுப்பியது பெஸ்கியின் வரலாற்றை எழுதிவர அன்று, அவருடைய நூல்களைத் தேடித் திரட்டிவர. சரித்திரம் அந்தப் பயணத்தின் உபரி விளைச்சல். அதை ஒரு கல்லூரி நூலகத்தின் கொள்முதல் ஆவணமாகப் படித்தால்தான் அதன் மதிப்பும் குறையும் ஒருங்கே விளங்கும் என்பது என் வாதம்.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. நவாபு சந்தா சாகிபைக் காணச் செல்லும்முன் பெஸ்கி மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுத் தேர்ந்தார் என்கிறது சரித்திரம். நவாபு மகிழ்ந்து தந்தப் பல்லக்குத் தருகிறார். திவான் பதவி தருகிறார். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வருமானமுள்ள நான்கு கிராமங்களையும் தருகிறார். துறவி ஒருவரைப் பல்லக்கில் ஏற்றி, பட்டும் பரிவாரமுமாக ஊர்வலம் விடும் இந்தப் பகுதி படிக்கச் சுவையானது. சேசு சபையின் கடிதங்களை வைத்துப் பார்த்தால் இதில் நிற்பது மிகக் கொஞ்சம். சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியைப் பிடித்தது 1736இல், மராத்தியரிடம் சிறைப்பட்டது 1741இல். இடைப்பட்ட ஐந்தாண்டுக்குள் இவ்வளவு பெரிய திவானை அடைத்துவைப்பது கடினந்தான்.

எல்லாரும் சுட்டிக்காட்டும் பெரும்பிழை பெஸ்கியின் மறைவு பற்றியது. சரித்திரத்தின்படி அவர் 1742இல் மணப்பாட்டில் இறந்தார். சபை ஆவணங்களின்படி 1747இல், கேரளத்து அம்பழக்காட்டில். ஐந்தாண்டுப் பிழை, அதோடு மலைத்தொடர் தாண்டிய இடப்பிழை. இதைக் கண்டதும் நூலை மூடிவைத்தவர்கள், பிழை ஏன் இந்த வடிவத்தில் நேர்ந்தது என்று யோசிக்கவில்லை. ஆண்டுப் பிழைக்குக் காரணம் எளிது. வாய்மொழிக் கதையில் புரவலர் வீழ்ந்தால் புலவரும் நெடுநாள் இருப்பதில்லை. 1741இல் நவாபு சிறைப்பட, மறு ஆண்டே முனிவரும் மறைகிறார். இடப்பிழை இன்னும் பேசுகிறது. மணப்பாடு முத்துக்குளித்துறைக் கரையிலுள்ள பழைய கிறித்தவ ஊர். பெஸ்கி அங்கு வாழ்ந்ததும் உண்மை. அக்கரை மக்களின் நினைவில் அவருடைய கடைசித் தடம் அங்கேயே முடிகிறது. முத்துசாமிப் பிள்ளை கேட்டது அந்த நினைவைத்தான். மேற்குக் கரைச் செய்தி அவருக்கு எட்டவில்லை. ஆக, இந்தப் பிழை அவருடைய விசாரணை எந்த எல்லைவரை சென்றது என்பதைக் காட்டுகிறது. பெஸ்கியின் மறைவுக்கு அது சான்றாகாது. 1816ஆம் ஆண்டுப் பயணத்துக்கு நல்ல சான்று.

இப்போது சரித்திரத்தின் மறுபகுதிக்கு, பெஸ்கியின் நூல்கள் பற்றிய பகுதிக்கு வருவோம். வாழ்க்கைச் செய்தியை அவர் பிறர் சொல்லக் கேட்டார். நூல்களையோ கையில் எடுத்துப் பார்த்தார். ஏட்டுக் கட்டை அவிழ்த்து, முதலும் முடிவும் இருக்கின்றனவா, இடையில் ஏடு விழுந்திருக்கிறதா என்று சோதிக்காமல் நூலகத்துக்கு ஏடு வாங்கும் எவரும் காசு கொடுப்பதில்லை. இந்த இருவகைச் செய்திக்கும் ஒரே நம்பகத்தன்மை இருக்கும் என்று எதிர்பார்ப்பதே தவறு. பின்வந்த மறுப்புகளைக் கவனித்தால், அவற்றின் பாரம் முழுவதும் வாழ்க்கைப் பகுதியின் மேல்தான் விழுந்திருக்கிறது. திவான் பதவியை மறுத்தவர்களும் நூல் விவரத்துக்கு முத்துசாமிப் பிள்ளையிடமே போய் நின்றார்கள்.

கல்லூரிக்கு இந்த நூல்கள் ஏன் வேண்டியிருந்தன? இங்கே ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பது பயன் தரும். கல்லூரி தொடங்கியது 1812இல். மறு ஆண்டே கல்லூரி அச்சுக்கூடம் பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணத்தை லத்தீன் மூலத்திலேயே மறுபதிப்புச் செய்தது. ஏடு தேடும் பயணம் அதற்கு மூன்று ஆண்டு பின்னால். சரித்திரம் எழுதப்பட்ட அதே 1822இல் பாபிங்டனின் மொழிபெயர்ப்பில் செந்தமிழ் இலக்கணம் அதே அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. 1824இல் சதுரகராதி. தேவை முதலில், தேடல் அடுத்து, அச்சு அதன்பின். பெஸ்கியைக் கல்லூரி தேடியது பழமைப் பற்றினாலன்று, பாடத்திட்டத்தினால். கல்லூரியின் வாசகர்கள் கப்பலிலிருந்து இறங்கிய இளம் சிவில் அதிகாரிகள். நிகண்டை மனப்பாடம் செய்துகொண்டு வளர்ந்தவர்கள் அல்லர். பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்காகப் பிரித்து, சொற்களை அகரவரிசையில் அடுக்கிய சதுரகராதி அவர்களுக்கு எப்படிப்பட்ட வரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளிநாட்டார் தமிழ் கற்பதற்கென்றே இன்னொரு வெளிநாட்டார் எழுதிய இலக்கணங்களும் அப்படித்தான்.

பெஸ்கியின் தேம்பாவணி என் வாதத்துக்குச் சற்று இடைஞ்சல். 3,615 பாடல் கொண்ட காப்பியத்தை மொழித் தேர்வுக்குப் படிக்கும் அதிகாரிக்காக யாரும் தேடியிருக்க மாட்டார்கள். எல்லிஸின் சொந்த இலக்கிய ஈடுபாடு இங்கே வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அடுத்து நடந்தது என்ன? கல்லூரி தேம்பாவணியை அச்சிடவில்லை. அது 1851 முதல் 1853 வரையில் புதுச்சேரியில்தான் அச்சேறியது. இலக்கணமும் அகராதியும் அச்சுக்குப் போக, காப்பியம் ஏட்டிலேயே நின்றது. எதை அச்சிடுவது, எதை ஏடாகவே காப்பது என்ற தேர்வு அங்கே நடந்திருக்கிறது. அத்தேர்வு வகுப்பறையை ஒட்டியே இருந்திருக்கிறது.

இரண்டு ஆட்சேபங்கள் எழும். ஏடுகள் கல்லூரிக்காகவன்றி எல்லிஸுக்காக வாங்கப்பட்டவை. அவர் 1819 மார்ச்சில் ராமநாதபுரத்தில் இறந்தபின் சிதறிப்போயின என்பது ஒன்று. எல்லிஸின் காகிதங்கள் மதுரையில் அடுப்பெரிக்கப் போயின என்று பின்னாளில் வால்டர் எலியட் எழுதிய கதை இதற்குத் துணை நிற்கிறது. அந்தக் கதையை இனியும் அப்படியே திருப்பிச் சொல்வது சரியன்று. எல்லிஸின் எழுத்துகளில் கணிசமானவை ஆக்ஸ்போர்டிலும் லண்டனிலும் கிடைத்துவிட்டன. மேலும், கல்லூரியை நடத்திய மேற்பார்வைக் குழுவின் தலைமையில் இருந்தவரே எல்லிஸ்தான். அவர் கல்லூரிப் பணியாளரை அனுப்பித் திரட்டிய, கல்லூரி அச்சுக்கும் வந்து சேர்ந்த வகை நூல்களைத் தனிச்சொத்து என்று பிரித்துப் பேசுவதில் பொருள் அதிகமில்லை. மற்றது, ஆசிரியர் கத்தோலிக்கர், ஆகவே சார்புடையவர் என்பது. சார்பு பல்லக்குக்கு மெருகேற்றும். ஏட்டுக்கட்டுகளை இல்லாத இடத்தில் உண்டாக்காது.

இவ்வளவு வெளிப்படையான செய்தி கவனத்துக்கு வராமல் போனதற்கு டெய்லரின் அட்டவணையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். கல்லூரி 1854இல் மூடப்பட்டது. அதன் நூலகத்துக் கீழைச் சுவடிகளை விவரித்து வில்லியம் டெய்லர் 1857க்கும் 1862க்கும் இடையே மூன்று தொகுதிகள் வெளியிட்டார். தலைப்பில் மறைந்த கல்லூரியின் பெயர் இருக்கிறது. உள்ளே சுவடிகள் லெய்டன், மெக்கன்சி, பிரவுன் என்று ஐரோப்பியத் திரட்டாளர் வாரியாக நிற்கின்றன. இன்றைய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வரலாறும் இந்த மூன்று பெயர்களிலிருந்தே தொடங்கப்படுகிறது. இவற்றில் மெக்கன்சி சுவடிகள் கல்லூரிக்குள் நுழைந்ததே அதன் பிற்காலத்தில்தான். அதற்கு முப்பதாண்டுக்கு முன்பே, பாடம் சொல்லவும் அச்சிடவும் தனக்கு வேண்டியதைத் தன் ஆளை அனுப்பித் தேடிக்கொண்ட ஒரு நூலகம் அங்கே இயங்கியது. தேடிப்போனவர் பெயரில் அட்டவணையில் பிரிவு இல்லை என்பதால் அந்த நூலகமே இல்லாததுபோல் ஆகிவிட்டது.

ஒரு பயணத்தையும் ஒரு நூலையும் வைத்துக் கல்லூரியின் கொள்முதல் முறை முழுவதையும் வரையறுத்துவிட முடியாது. தெலுங்கு, கன்னடப் பிரிவுகளின் பண்டிதர்களும் இப்படி அனுப்பப்பட்டார்களா என்பதைக் கல்லூரி மேற்பார்வைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகளை வரிவரியாகப் படித்தே சொல்ல வேண்டும். முத்துசாமிப் பிள்ளையைப் பொறுத்தவரை எனக்கு ஐயமில்லை. சரித்திரத்தை இனிப் பதிப்பிப்பவர்கள் பல்லக்குக்கும் திவான் பதவிக்கும் மறுப்புக் குறிப்பு எழுதுவதோடு நிற்காமல், நூல்களைப் பற்றிய பகுதியைத் தனியே எடுத்து, ஒவ்வொரு நூலையும் இன்று கிடைக்கும் சுவடிகளோடும் முதற்பதிப்புகளோடும் ஒப்பிட்டு வெளியிட வேண்டும். சுவடி அட்டவணை தயாரிப்பவர்கள், தெரிந்த இடத்திலெல்லாம், சுவடியைத் தேடிக் கொணர்ந்தவர் பெயரையும் ஒரு பத்தியில் சேர்க்க வேண்டும்.