ஊர்ப் பெருமையும் ஊர்ப் பழிப்பும்

மணப்பேச்சு எழுந்ததும் நம் இல்லங்களில் முதலில் பிறக்கும் வினா, "எந்த ஊர்?" என்பதே. மார்க்கப் பற்றும் கல்வியும் குணமும் அதன் பின்னரே வருகின்றன. "அவ்வூராரா? கடுஞ்சொல்லர், நமக்கு ஒத்துவராது" என்று பெரியோர் பேச்சை முடித்துவிடுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஊரைக் கொண்டு மனிதரை எடைபோடும் இவ்வழக்கு எத்துணை உறுதியற்றது என்பதற்குச் செங்கல்பட்டுச் சீமையின் வரலாறே சான்று.

1763-இல் ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலி கும்பெனியாருக்கு ஜாகீராக அளித்த நிலப்பரப்பே பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டம் ஆயிற்று. பெயர் செங்கல்பட்டினுடையது, 1859 முதல் ஆட்சித் தலைமை இருந்ததோ சைதாப்பேட்டையில். 1968-இல் அது காஞ்சிபுரத்திற்குப் பெயர்ந்தது. 1997-இல் மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தபோது, செங்கல்பட்டு என்னும் பெயரே மாவட்டப் பட்டியலிலிருந்து மறைந்தது. காஞ்சியார்க்குப் பெருமை, செங்கையார்க்கு மனக்குறை.

2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. மாமல்லபுரம், கோவளம், சதுரங்கப்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்கள் அதனைச் சேர்ந்தன. பல்லவர் காலத்தில் மாமல்லையைத் துறைமுகமாகக் கொண்டிருந்த காஞ்சிக்கு, இன்று அதன் மாவட்டத்தில் ஒரு சாண் கடற்கரையும் இல்லை. கோவளத்து மீனவரோ மாமல்லைச் சிற்பியோ வீடு மாறவில்லை, குணமும் மாறவில்லை. முதல்நாள் காஞ்சி மாவட்டத்தார். மறுநாள் செங்கை மாவட்டத்தார். ஓர் அரசாணையால் இடம்பெயரும் பெருமையை நம் பிறவிச் சொத்தெனக் கொள்வது தகுமா?

பழிப்பின் நிலையும் அத்தகையதே. "காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்" என்பது பழமொழி. தொலைவிலிருந்து கேட்போர், அவ்வூரார் சோம்பியிருந்து உண்பவர் என எண்ணி நகைப்பர். தறிக்குழியின் அருகே நின்று பார்த்தவரோ, நாளெல்லாம் தறியின் மிதியைக் காலால் மாற்றி மாற்றி மிதித்து நெய்யும் உழைப்பையே அச்சொல் குறிக்கிறது என்று அறிவர்.

ஊர்ப் போட்டி முற்றிலும் தீது என்று நாம் கூறவில்லை. அரபு இலக்கணம் பயின்றோர் பஸ்ராவாருக்கும் கூஃபாவாருக்கும் நிகழ்ந்த வாதங்களை அறிவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அன்பாரி, அவ்விரு சாராரும் மாறுபட்ட 121 சிக்கல்களைத் தொகுத்து, 'நீதி வழங்கல்' எனப் பொருள்படும் 'அல் இன்ஸாஃப்' என்ற பெயரால் நூல் செய்தார். அவர் பஸ்ராவின் பக்கம் சாய்ந்தவர். எனினும் கூஃபாவார் காட்டும் சான்றுகளை எடுத்துரைத்த பின்னரே தீர்ப்புரைத்தார். சில இடங்களில் அவர்கள் கூற்றே சரியென ஒப்பினார். அப்போட்டியால் கல்வி வளர்ந்தது. நம் போட்டியால் வளர்வது ஏளனமன்றோ?

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை எள்ளலாகாது என ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதை நாம் அறியாதவரல்லோம். "எந்த ஊர்?" என்று கேட்பதில் குற்றமில்லை. விடை கிடைத்ததும் கதவை அடைக்காமல், "எத்தகைய மனிதர்?" என்று அடுத்த வினாவையும் கேட்கும் நெஞ்சத்தை வல்ல அல்லாஹ் நமக்கு அருள்வானாக!