சிவப்புச் சாயமும் கள்ளச்சாவியும்

பென்சிலின் புழக்கத்துக்கு வருமுன் கிருமிகளை அடக்கிய சல்ஃபா மருந்து, சாயத் தொழிலின் வாரிசு. 1932-இல் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் புரோன்டோசில் என்ற சிவப்புச் சாயத்தைக் கொடுக்க, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஏற்றிய எலிகள் பிழைத்தன. சோதனைக் குழாயிலோ அதே சாயத்துக்கு அதே கிருமி மசியவில்லை!

1935-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் விடை கண்டார்கள். உடம்புக்குள் சாயம் உடைகிறது. வேலை செய்வது நிறமேயில்லாத சல்ஃபனிலமைடு என்ற துண்டு. 1908-லேயே வியன்னாவில் பால் கெல்மோ தயாரித்த சரக்குதான் அது! மருந்தென்று தெரியாமலே 27 வருஷம் கிடந்தது. அத்தனை வருஷமும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தந்த பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நினைத்தால் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

சூட்சுமத்துக்குத் துப்புக் கொடுத்தவர் இங்கிலாந்தின் டொனால்ட் உட்ஸ், 1940-இல். ஃபோலிக் அமிலம் செய்யக் கிருமிக்குப் பாரா அமினோ பென்சாயிக் அமிலம் வேண்டும். பென்சீன் வளையம், ஒரு முனையில் அமினோ. சல்ஃபனிலமைடும் அதே அச்சுதான். எதிர்முனையில் மட்டும் கார்பாக்ஸிலுக்குப் பதில் சல்ஃபனமைடு. நம்ம மெக்கானிக்கல் பாஷையில் சொன்னால் கள்ளச்சாவி: பூட்டுக்குள் நுழையும், திரும்பாது. கிருமி பெருக முடியாது. நமக்கோ ஃபோலிக் அமிலம் கீரையிலும் பருப்பிலும் கிடைத்துவிடுகிறது. அந்தப் பூட்டே நம் உடம்பில் கிடையாது.