எல்லிங்டன் கோஷ்டியில் பில்லி ஸ்ட்ரேஹார்ன்

ஒரு வாத்தியகோஷ்டியின் கீர்த்தி முழுவதும் அதன் தலைவரையே சென்று சேர்வது உலக இயல்பு. எந்தக் கருவி எவ்விடத்தில் எந்த ஸ்வரத்தை ஏந்த வேண்டுமென்று நிர்ணயித்து எழுதித் தருகிற அரேஞ்சரை ரசிகர்கள் அறிவதேயில்லை. அமெரிக்க ஜாஸ் சங்கீதத்தில் டியூக் எல்லிங்டனுக்கு வலக்கையாய் ஏறக்குறைய முப்பதாண்டுகள் விளங்கிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம்.

1915-இல் ஒஹையோ மாகாணத்து டேட்டனில் பிறந்து, பிட்ஸ்பர்கில் வறுமையில் வளர்ந்த அவர், மருந்துக் கடையில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பியானோ வாங்கி, ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதத்தை ஊன்றிக் கற்றார்; கறுப்பின இளைஞனுக்கு அந்த மேடைகளில் இடமில்லாமையால் ஜாஸின் பக்கம் திரும்பினார். 1938 டிசம்பரில் எல்லிங்டன் பிட்ஸ்பர்க் வந்திருந்தபோது, அவருடைய உருப்படி ஒன்றை முதலில் அவர் வாசிக்கும் விதமாகவே வாசித்துக் காட்டி, பிறகு அதையே தம் மனோதர்மப்படி மாற்றி வாசித்த அந்த 23 வயது இளைஞரை, எல்லிங்டன் விரைவிலேயே தம்முடன் சேர்த்துக்கொண்டார்.

1941-இல் பாடலாசிரியர் சங்கத்துக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணத் தகராறு மூண்டு, சங்க அங்கத்தினரான எல்லிங்டனின் உருப்படிகளை ஒலிபரப்ப இயலாமற் போகவே, அங்கத்தினரல்லாத ஸ்ட்ரேஹார்னின் பாடல்கள் கைகொடுத்தன. ஹார்லெம் செல்லும் சுரங்க ரயிலின் பெயர் தாங்கிய ‘டேக் தி ஏ டிரெய்ன்’ கோஷ்டியின் முகப்பிசையாகவே நிலைத்துவிட்டது.

டிரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் ஆகியவற்றைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்து எழுதுவதே அந்நாளைய வழக்கம். எல்லிங்டனைப் போலவே ஸ்ட்ரேஹார்னும் தொகுதிகளைக் கலந்து, கருவிக்காக அன்றி அதை வாசிப்பவருக்காக எழுதினார். ஆல்டோ சாக்ஸபோனில் ஜானி ஹாட்ஜஸ் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும் நயத்தை உணர்ந்தவரே ‘இஸ்ஃபஹான்’ போன்றதோர் உருப்படியை இயற்ற முடியும். அது இடம்பெற்ற ‘ஃபார் ஈஸ்ட் ஸூட்’ தொகுதியில், கோஷ்டியின் 1963-ஆம் ஆண்டு யாத்திரையில் தில்லியில் கேட்ட மைனாவின் குரல் ஜிம்மி ஹாமில்ட்டனின் கிளாரினெட்டாக ஒலிக்கிறது.

எல்லிங்டனே பியானோ வித்வானாதலால், ஸ்ட்ரேஹார்ன் அவ்வாசனத்தில் அமர்ந்த சந்தர்ப்பங்கள் சில. 1961-இல் பாரிஸில் தம் பெயரில் பதிவு செய்த இசைத்தட்டு அக்குறையை ஓரளவு போக்குகிறது.

புற்றுநோயுற்று மருத்துவமனையிலிருந்தபடியே ‘ப்ளட் கவுண்ட்’ என்ற இறுதி உருப்படியைக் கோஷ்டிக்கு அனுப்பிய அவர், 1967 மே 31 அன்று காலமானார். அவர் உருப்படிகளாலேயே அமைந்த அஞ்சலித் தட்டை அவ்வாண்டே எல்லிங்டன் பதிவு செய்தார். புகழ் பின்தங்கியது நஷ்டமே. எனினும், எழுதியதைத் தாமதமின்றி வாசித்துக் காட்ட ஓர் உன்னதக் கோஷ்டி ஆயுள் முழுதும் காத்திருந்த பாக்கியம், புகழ் பெற்ற இசையமைப்பாளர் பலருக்கும் கிட்டாதது.