பார்டருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம்

குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் அருவியில் குளித்த கையோடு பிரானூருக்கு வண்டியை விடுவார்கள். பார்டர் பரோட்டா! அதென்ன 'பார்டர்'? கேரள எல்லைதான் இன்னும் மேற்கே, புளியரை தாண்டி அல்லவா இருக்கிறது?

விஷயம் இதுதான். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை, திருவிதாங்கூரைச் சேர்ந்த ஊர். தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணம். நடுவே ஏழெட்டு கிலோமீட்டர்தான். பேச்சு ஒன்று, சாமி ஒன்று, பெண் கொடுத்து எடுப்பதும் உண்டு. ஆனால், பிள்ளை எந்தப் பக்கம் பிறந்ததோ, அதைப் பொறுத்து அதன் படிப்பு மாறியது.

திருவிதாங்கூரில் 1817-லேயே ராணி கௌரி பார்வதி பாய், 'கல்விச் செலவு அரசாங்கத்தின் பொறுப்பு' என்று உத்தரவு போட்டுவிட்டார். உடனே பள்ளிகள் முளைத்துவிடவில்லை. 1860-களில் திவான் மாதவ ராவ் காலத்தில்தான் ஊர்ப் பள்ளிகளுக்கு சர்க்கார் பணம் ஒழுங்காகப் போக ஆரம்பித்தது. (அதற்குப் பிறகும் எல்லாப் பிள்ளைகளையும் உள்ளே விட்டார்களா என்ன? அய்யன்காளி போராட வேண்டியிருந்தது!)

தென்காசிப் பக்கம் கதை வேறு. திண்ணைப் பள்ளி, மிஷன் பள்ளி, போர்டு ஸ்கூல் என்று ஆளுக்கொரு கை. வெள்ளைக்கார சர்க்கார் மானியத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஆரம்பக் கல்விச் சட்டம் வந்ததே 1920-ல். அதிலும் கட்டாயக் கல்வி என்பது அந்தந்த உள்ளூர் சபையின் இஷ்டம்! விளைவு? 1951 கணக்கெடுப்பில் திருவிதாங்கூர்-கொச்சியில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். சென்னை மாகாணத்தில் ஐந்தில் ஒருவருக்குத்தான்.

இது போதாதென்று 1953-ல் ராஜாஜியின் புதுத் திட்டம். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம் படித்தால் போதும், மிச்ச நேரம் அப்பன் தொழில். தென்காசி சுற்றுவட்டாரத்துக் கிராமப் பிள்ளைக்கு அது பொருந்தும். செங்கோட்டைப் பிள்ளைக்குப் பொருந்தாது. ஐந்தாம் வகுப்பையே அரை நேரத்தில் முடிக்கிறவன் ஆறு, ஏழு, எட்டு என்று எப்படி ஏறுவான்? நல்லவேளை, 1954-ல் காமராஜர் வந்து அதைத் தூக்கி எறிந்தார்.

'அப்படியானால் செங்கோட்டைக்காரர்கள் அங்கேயே இருந்திருக்கலாமே?' என்று தோன்றும். பள்ளிக்கூடம் மட்டும் இருந்தால் ஆச்சா? கச்சேரியிலும் கோர்ட்டிலும் மலையாளம் அல்லவா! திருவிதாங்கூர் தமிழர்கள் போராடினார்கள். 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அதற்குப் பிறகுதான் எல்லை நகர்ந்தது.

நகர்ந்த அதே 1956-ல், அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். எழுத்தறிவில் பின்தங்கிய மாகாணம், பிள்ளைகளுக்குச் சோறு போடுவதில் முந்திக்கொண்டது. செங்கோட்டைப் பிள்ளைகள் சரியான நேரத்துக்குத்தான் பந்திக்கு வந்து சேர்ந்தார்கள்!

ஆனால், தாலுகா முழுசாக வரவில்லை. மலைக்கு இந்தப் பக்கம் புளியரை நம்மோடு வந்தது. அந்தப் பக்கம் ஆரியங்காவு கேரளத்தோடு நின்றுவிட்டது.