கீஃப்ரேம்: வரைபலகையிலிருந்து டைம்லைன் வரை

திரையில் ஒரு தலைப்பெழுத்து இடப்பக்கமிருந்து நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். எடிட்டர் டைம்லைனில் தொடக்க இடத்தில் ஒரு கீஃப்ரேம் போடுகிறார். இரண்டு நொடி தள்ளி, எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் இன்னொன்று போடுகிறார். சின்னச் சாய்சதுரங்களாக இரண்டு குறிகள் விழுகின்றன. நடுவிலுள்ள பயணம் முழுவதையும் மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், டாவின்சி ரிசால்வ், கைபேசியில் ஓடும் கைன்மாஸ்டர் என எதைத் திறந்தாலும் இதற்குப் பெயர் கீஃப்ரேம்தான். மென்பொருளோடு பிறந்த சொல்லைப் போலத் தோன்றினாலும் இதன் வேர் பென்சிலும் காகிதமும் இருந்த அறையில் இருக்கிறது. யார் தீர்மானிப்பது, யார் நிரப்புவது என்ற வேலைப் பிரிவினை இந்தச் சொல்லுக்குள் பதிந்திருக்கிறது.

சொல்லின் பின்பாதி எளிது. ஃபிரேம் என்பது படச்சுருளின் ஒரு கட்டம். பேசும் படம் வந்தபின் நொடிக்கு 24 கட்டம் என்பது நிலைத்துவிட்டது. ஒரு நிமிடத்துக்கு 1,440 கட்டங்கள். ஒரே படத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்துச் சமாளித்தாலும் 720 படங்கள் வரைந்தாக வேண்டும். முன்பாதியின் கதை இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே 1914-இல் ‘கெர்ட்டி’ என்னும் டைனோசரை அசையவைத்தபோது அதன் அசைவுகளைத் தானே வரைந்தார். பின்னணியைப் படத்துக்குப் படம் பிரதியெடுக்க மட்டும் ஓர் உதவியாளர் இருந்தார். மெக்கே ஒன்றாம் படத்திலிருந்து வரிசையாக வரைந்துகொண்டு போகவில்லை. அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்தார். இரண்டு நிலைகளுக்குச் சரிநடுவே ஒரு படம், பிறகு அந்தப் பாதிகளுக்கு நடுவே ஒரு படம் எனப் பிளந்துகொண்டே போனார். கீஃப்ரேம் என்ற பொருள் அங்கே வந்துவிட்டது. பெயர் மட்டும் வரவில்லை.

பெயர் வருவதற்கு ஒருவர் வேலை பலர் வேலையாக வேண்டியிருந்தது. 1930-களில் டிஸ்னி போன்ற ஸ்டுடியோக்களில் தலைமை ஓவியர் ஓர் அசைவின் ஆதார நிலைகளை மட்டும் வரைவார். அவை ‘கீ’ படங்கள். ஆங்கிலத்தில் சாவியைக் குறிக்கும் அதே சொல், எது இல்லாமல் மற்றவை நிற்காதோ அதற்கு அடைமொழியாகவும் வரும். இடைப்பட்ட படங்களை வரைய ஒரு பெரும் பிரிவே உட்கார்ந்திருந்தது. அவர்களுக்கு ‘இன்பிட்வீனர்’ என்று பெயர். ஸ்டுடியோ ஏணியில் கீழ்ப்படி அவர்களுடையது. ஜப்பானில் இந்தப் பிரிவினை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆதாரப் படங்கள் ‘கெங்கா’, இடைப்படங்கள் ‘தோகா’. இரண்டையும் வரைந்தவர்களின் பெயர்கள் அனிமே முடிவுப் பட்டியலில் தனித்தனியாக ஓடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தலைமை ஓவியர் கீ படங்களை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடவில்லை. காகித ஓரத்தில் ஒரு கோடிழுத்து, அதில் சிறு குறுக்குக் கோடுகள் போட்டுக் கொடுப்பார். இடைப்படங்கள் எந்தக் கோடியில் நெருங்கி நிற்க வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதை அந்தக் கோடுகள் சொல்லும். நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகமெடுக்கும். நிரப்பும் கை வேறொருவருடையதானாலும் நிரப்பும் முறையைத் தீர்மானித்தவர் தலைமை ஓவியர்தான்.

சொல் கணினிக்கு ஏறிய இடம் கனடாவின் ஒட்டாவா. அங்குள்ள தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய நெஸ்டர் பர்ட்னிக், 1969-இல் கலிஃபோர்னியாவில் ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். கார்ட்டூன் எப்படி உருவாகிறது என்பதை டிஸ்னி ஓவியர்கள் அங்கே விளக்கினார்கள். இடைப்படம் வரையும் வேலையைக் கணினியிடம் விடலாமே என்ற யோசனையோடு அவர் திரும்பினார். சக விஞ்ஞானி மார்செலி வெய்னுடன் சேர்ந்து அவர் எழுதி 1971-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘கீ-ஃபிரேம்’ என்ற கூட்டுச்சொல் இருக்கிறது. அவர்கள் உருவாக்கிய கருவியை வைத்துப் பீட்டர் ஃபோல்டெஸ் 1974-இல் எடுத்த ‘ஹங்கர்’ என்ற குறும்படத்தில் பெருந்தீனிக்காரன் ஒருவனின் கோட்டுருவம் கண்முன்னே வேறுருவமாக உருகி மாறும். அந்தப் படம் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்று, ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்கும் போனது. பர்ட்னிக், வெய்ன் இருவருக்கும் 1997-இல் ஆஸ்கரின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இன்பிட்வீனரின் நாற்காலியில் உட்கார்ந்த கணக்குக்கு ஆங்கிலத்தில் ‘இன்டர்பொலேஷன்’ என்று பெயர். நம் பள்ளிக் கணிதம் அதை ‘இடைச்செருகல்’ என்கிறது. ஏட்டுச் சுவடியில் பிற்காலத்தவர் நுழைத்த பாடலையும் பதிப்பாசிரியர்கள் இதே சொல்லால்தான் சுட்டுகிறார்கள். ஆங்கிலச் சொல்லுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. இல்லாத ஒன்றை இடையில் வைப்பது இரண்டுக்கும் பொது.

செருகத் தெரிந்த கணினிக்கு எப்படிச் செருகுவது என்று தெரியாது. எதுவும் சொல்லாவிட்டால் அது தூரத்தைச் சம பங்காகப் பிரித்துவிடும். எழுத்து எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் கிளம்பி, சுவரில் முட்டியது போல நிற்கும். நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்து அப்படிப் போவதில்லை. மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, அடுத்த நிறுத்தம் நெருங்க நெருங்கத் தணியும். இதைக் கணக்கில் கொண்டுவர, ரெனோ கார் நிறுவனத்தில் வண்டி உடல்களை வடிவமைக்கப் பியர் பெசியே பயன்படுத்திய வளைகோடுகள் உதவின. 1993-இல் வெளிவந்து பின்னர் அடோபியின் கைக்குப் போன ஆஃப்டர் எஃபெக்ட்ஸில், கீஃப்ரேமைத் தேர்ந்து எஃப்9 விசையை அழுத்தினால் சாய்சதுரம் மணல்கடிகை வடிவமாக மாறும். அதற்கு ‘ஈஸி ஈஸ்’ என்று பெயர். கிராஃப் எடிட்டரைத் திறந்தால் அந்த வளைவை விருப்பம்போல் இழுக்கலாம். காகித ஓரத்துக் குறுக்குக் கோடுகளின் வேலையை இப்போது அந்த வளைவு செய்கிறது.

இதே சொல் வேறொரு வாசல் வழியாகவும் வந்திருக்கிறது. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைகளில் அவ்வப்போது ஒரு கட்டம் முழுப் படமாக இருக்கும். மற்றவை அருகிலுள்ள கட்டங்களிலிருந்து மாறியதை மட்டும் குறித்து வைக்கும். அந்த முழுப் படத்துக்கும் கீஃப்ரேம் என்றுதான் பெயர். எக்ஸ்போர்ட் பக்கத்தில் தென்படும் ‘கீஃப்ரேம் இடைவெளி’ இதைத்தான் குறிக்கிறது. நேரலைக்கு யூடியூப் பரிந்துரைக்கும் இடைவெளி 2 நொடி. டைம்லைனில் நீங்கள் போட்ட சாய்சதுரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. புதிதாகக் கற்பவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கீஃப்ரேம் போடத் தெரிந்ததுமே அனிமேஷன் வந்துவிட்டதாக நினைப்பவர்களுக்கு இந்தச் சொல்லின் வரலாறு சொல்வது ஒன்றுதான். இடைப்படம் வரையும் உழைப்பு மட்டுமே கணினிக்குப் போனது. அது எப்படி அமைய வேண்டும் என்ற தீர்மானம் இன்னும் மனிதரிடமே இருக்கிறது. அடுத்தமுறை இரண்டு கீஃப்ரேம் போட்டதும் பிளே பொத்தானை அழுத்தாதீர்கள்; முதலில் கிராஃப் எடிட்டரைத் திறந்து வளைவைப் பாருங்கள்.